சிவப்பு மையால் நான் அடித்துவிட்ட ஏழாவது டெஸ்ட்

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியராம். பேரைச் சொன்னாள், எனக்கு மனதில் நிற்கவில்லை.

"சார், நம்ம ஆபரேட்டிங் சிஸ்டம் சோர்ஸ்ல ஏழாம் நம்பர்னு ஒரு டெஸ்ட் இருக்குது. புது சிப்புல அது தோக்கறதுக்கு வழியே இல்ல. எடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. ஷாஹிதா மேடம் மட்டும் உங்கள ஒரு வார்த்தை கேக்கணும்னாங்க."

"நீ இன்னாம்மா நெனைக்கிற?"

"எடுத்தா ஒண்ணும் கெடாது சார். வெச்சிருந்தாலும் ஒண்ணும் ஆவாது."

எழுதித் தருகிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். கம்பெனி மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து இது ஒன்று.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பேர் கோவிந்தசாமி. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதாதவன். ஜவ்வாது மலைக்கு இந்தப் பக்கம் போளூரிலிருந்து அந்தப் பக்கம் அமிர்தி வரைக்கும், ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை உட்கார்ந்து எழுதியவன் யார் என்று கேட்டால் என் ஒருவன் பேரைத்தான் சொல்ல வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போளூரில் ஒரு ரேடியோக் கடையில் சாலிடரிங் பிடித்தேன். அப்புறம் வேலூரில் டிவி, யூ.பி.எஸ்., வாஷிங் மெஷின் போர்டு. சிப்புக்குள் யாரோ எழுதி வைத்த புரோகிராம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பழைய பேப்பர் கடையில் சி மொழிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதிலிருந்த புரோகிராம்களை அர்த்தம் தெரியாமலே நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன். மூன்றாவது நோட்டில் அர்த்தம் வந்தது. அந்த மொழிக்கு மொத்தம் முப்பத்திரண்டே ஆங்கில வார்த்தை. எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவ்வளவுதான். என்னைவிட நிறைய ஆங்கிலம் தெரிந்தவர்கள் என்னிடம் வந்துதான் சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

கண்ணமங்கலம் தாண்டி எங்கள் முதலாளி ஒரு ஷெட் போட்டு, மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஆக்சிஜன் தருகிற மெஷின் செய்ய ஆரம்பித்தபோது என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, அதிலிருக்கும் ஆக்சிஜனைப் பிரித்துக் குழாயில் அனுப்பும் பெட்டி அது. உள்ளே இரண்டு உருளைகள் மாறி மாறி வேலை செய்யும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது, குறைந்தால் எப்போது அலாரம் அடிக்க வேண்டும், இதையெல்லாம் மேய்க்கிற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் என்னுடையது. எந்த வேலையை எப்போது எழுப்புவது, எப்போது தூங்க வைப்பது என்பதுதான் அதன் உயிர். அந்தப் பகுதியில் இன்னொருவர் கை பட நான் விட்டதில்லை.

மெஷின் ஷெட்டை விட்டு வெளியே போக என் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு நான் வைத்திருந்த முறை இது. முதலில் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைப்பேன். வால்வு மாறும்போது டப் என்று ஒரு தட்டு, பிறகு ஷ் என்று ஒரு மூச்சு. அந்தத் தட்டு ஒரே சீராக வரவேண்டும். நூறு தட்டு எண்ணுவேன். அப்புறம் குழாய் வாயைக் கட்டை விரலால் அடைப்பேன். மனதுக்குள் பதினொன்று எண்ணும்போது அலாரம் அடிக்க வேண்டும். பத்தில் அடித்தாலும் திருப்பி அனுப்புவேன், பன்னிரண்டில் அடித்தாலும் திருப்பி அனுப்புவேன். கடைசியாக ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கனலை மட்டும் குழாய் வாய்க்கு நேராகக் காட்டுவேன். பளிச்சென்று சிவந்து எரிந்தால் ஆக்சிஜன் சரி. மீட்டர் எதற்கு? பிறகு மெஷினின் வயிற்றில் ஸ்டிக்கர் ஒட்டி 'கோ.சாமி' என்று போடுவேன். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, மெயின் சுவிட்சை இறக்கி, ஷெட்டைப் பூட்டுவோம். ஒரு நாள் கூட மெயினை இறக்காமல் பூட்டியதில்லை. அது ஷெட்டின் வழக்கம்.

இந்த இடத்துக்குத்தான் ஷாஹிதா மேடம் தலைமை இன்ஜினியராக வந்தார். வாணியம்பாடிக்காரர். தோல் வியாபாரக் குடும்பம். என்னைவிட இருபது வயது சின்னவர்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். பேனா வைத்துக்கொள்ள மாட்டார், பென்சில்தான். யார் எதைச் சொன்னாலும் முழுசாகக் கேட்டுவிட்டு, பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரே கேள்வி கேட்பார்.

"எப்படித் தெரியும்?"

வந்த முதல் வாரம் நான் ஊதுபத்தி காட்டுவதைப் பார்த்தார். அணைந்த பிறகு கேட்டார். "ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு காட்டறீங்களே அண்ணா, இத்தன வருஷமா ஷெட்டு எப்படி நிக்குது?"

"என் கை நிதானம் மேடம்."

"உங்க கைக்கு ஜுரம் வந்தா?"

ஊதுபத்தி அன்றோடு போயிற்று. ஒரு மீட்டர் வந்தது. எனக்கு வலித்தது, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அவர் கொண்டுவந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சோர்ஸுக்குள்ளேயே, அதாவது நான் எழுதிய புரோகிராம் வரிகளோடேயே, ஒரு டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கைச் சேர்க்க வேண்டும் என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புரோகிராமைச் சோதிப்பதற்கென்றே சின்னச் சின்னப் புரோகிராம்களை எழுதி, அதே வீட்டில் குடிவைப்பது. இதைக் கொடுத்தால் இது வர வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். யாராவது சோர்ஸில் ஒரு வரியைத் தொட்டால் போதும், கம்ப்யூட்டர் அத்தனை டெஸ்டையும் தானாகவே ஓட்டும். ஒன்று தோற்றாலும் அந்த மாற்றம் உள்ளே போகாது. தொட்டவன் நானாக இருந்தாலும் போகாது.

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு உறுத்தியது.

முதலாளி முன்னால் கூட்டம் போட்டோம். மேடம் பத்து டெஸ்ட் கொண்ட பட்டியலைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் சிவப்புப் பேனாவோடு போயிருந்தேன். முதல் ஆறையும் கஷ்டப்பட்டு ஒத்துக்கொண்டேன். ஏழாவதில் நிறுத்தினேன்.

"இது இன்னா மேடம், கடிகாரம் சுத்தி வர்றப்பன்னு?"

"மெஷினை ஆன் பண்ணதுலேர்ந்து மில்லிசெகண்டை எண்ணிக்கிட்டே போறோம் இல்லீங்களா. அந்த எண்ணு நெரம்பினா மறுபடியும் பூஜ்ஜியத்துக்கு வந்துடும். அந்த நேரத்துல தூங்கிட்டு இருக்கற வேலையெல்லாம் ஒழுங்கா எழுந்திருக்குதான்னு பாக்கணும்."

"எப்ப நெரம்பும்?"

"நாப்பத்தொம்பது நாள், பதினேழு மணி நேரம்."

நான் சிரித்துவிட்டேன். முதலாளியும் சிரித்தார்.

"மேடம், நீங்க வாணியம்பாடில இருந்து வந்தவங்க. இங்க மலையடிவாரத்துல மெஷின் வாங்கறவன் வூட்ல ஒரு நாளைக்கு நாலு தபா கரண்ட் போவும். போய் வந்தா மெஷின் முதல்லேர்ந்து எண்ணும். நாப்பத்தொம்பது நாள் விடாம எந்த வூட்டு மெஷின் ஓடும்? அப்டி ஓடினா கரண்ட் ஆபீசுக்கு மால போடணும்."

"ஓடாதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

பென்சிலை மேஜைமேல் வைத்தார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். ஏழாவது வரிமேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'தேவையில்லை' என்று எழுதினேன். எழுதிய கையோடு, மொத்தத் திட்டத்தையும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளியையே சொல்ல வைத்தேன். அன்று சாயங்காலம் கற்பூரம் காட்டும்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

இனி என் தங்கச்சி கோமதி வீட்டு விஷயம்.

கோமதியைப் போளூரிலிருந்து மலை ஏறும் வழியில் ஒரு அடிவார ஊரில் கொடுத்திருந்தோம். அவள் புருஷன் ஏழுமலை கல் குவாரியில் இருபத்தைந்து வருடம் டிரில் பிடித்தவன். தூசி நெஞ்சில் இறங்கி, கடைசியில் பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிற நிலைமைக்கு வந்தான். முழுநேரமும் ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் மச்சானுக்கு மெஷின் வேண்டும் என்றால் நான் எப்படிக் கொடுப்பேன்? ஷெட்டிலிருந்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, நூறு தட்டுக்குப் பதில் ஆயிரம் தட்டு எண்ணி, கையெழுத்துப் போட்டு, நானே வண்டி வைத்துக் கொண்டுபோனேன். அதோடு விட்டேனா? ஊரில் யார் வீட்டிலும் இல்லாதபடி, பெரிய பேட்டரி இரண்டு வைத்து ஒரு இன்வெர்ட்டரும் மாட்டினேன்.

"கரண்ட் போனாலும் இது நிக்காது மச்சான். ஒரு செகண்ட் நிக்காது. எவன் வூட்லயும் இந்த வசதி கெடயாது."

ஏழுமலை மூக்கில் குழாயோடு சிரித்தான். "நிக்கவே நிக்காதா? அப்ப உங்க தங்கச்சி வாய்க்கு ஜோடி கெடச்சிருச்சு."

"மூச்சு வாங்கறப்ப கூட கிண்டலு ஒண்ணுதான் கொறச்சல்," என்றாள் கோமதி.

ஒருவேளை மெஷின் மக்கர் செய்தால் என்ன செய்வது என்று, மூலையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரையும் நிறுத்தினேன். எப்படித் திறப்பது, குழாயை எப்படி மாற்றுவது என்று கோமதிக்கு மூன்று தடவை காட்டினேன். மூன்றாவது தடவை அவளே செய்தாள், என்னைவிட வேகமாக. கிளம்பும்போது வாசலில் நின்று அவளிடம் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"இது கத்துச்சுன்னா ஓடிவந்து சிலிண்டர மாத்து. கத்தலன்னா நீ உன் வேலையப் பாரு. பக்கத்துலயே ஒக்காந்து மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க வேணாம். இது உன் அண்ணன் கையெழுத்துப் போட்ட மெஷினு."

சாமை அறுப்பு முடிந்து களத்தில் தூற்றிக்கொண்டிருந்த நாளில் போன் வந்தது. நான் போய்ச் சேரும்போது மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஏழுமலையைக் கட்டிலிலிருந்து எடுத்துக் கீழே கிடத்தியிருந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. டப், ஷ். டப், ஷ். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் சிலிண்டர் சீல் உடையாமல் நின்றது.

கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அவள் உள்ளங்கையெல்லாம் சாமைத் தூசி.

"அது கத்தலியேண்ணா," என்றாள்.

அடுத்து நான் செய்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதவேண்டும் என்று இத்தனை பக்கம் வந்திருக்கிறேன். ரிப்பேர் வேலை செய்கிற எல்லாருடைய கையும் யோசிக்காமல் ஒன்றைச் செய்யும். என் கையும் நாற்பது வருடமாக அதைத்தான் செய்தது. மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்தேன்.

பிறகு குழாய் வாயைக் கட்டை விரலால் அடைத்தேன். பதினொன்று எண்ணினேன். அலாரம் அடித்தது. பிணம் கிடந்த வீட்டில் அந்தச் சத்தம் கீச்சென்று எல்லார் காதிலும் ஏறியது. பின்பக்கம் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். சாமைத் தூசி அப்பி, கம்பளி மாதிரி அடைத்திருந்தது. காற்று போகாமல் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. குறைந்தால் அலாரம் அடிக்கும். அடித்திருக்கும். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். என் பேர் கெடக்கூடாது பாருங்கள்.

ஏழுமலையின் அக்கா ராஜம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், கோமதியைப் பார்த்தாள்.

"கத்தித்தான் இருக்குது. கேக்க ஆளு இல்ல. களத்துல சாமை தூத்தறது முக்கியமாப் போச்சு," என்றாள்.

கோமதி என் முகத்தையே பார்த்தாள். நான் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

ஊருக்கு அந்தப் பேச்சு போதும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, பந்தியில் கோமதி பரிமாற வந்தால் இரண்டு பேர் இலையை மூடினார்கள். கொல்லைப்பக்கம் கையைக் கழுவப் போனவனிடம் அவள் வந்து கேட்டாள்.

"காத்து அந்தாண்ட அடிச்சுதுண்ணா. அதனால எனக்குக் கேக்காம இருந்திருக்குமா?"

"இருக்கலாம்," என்றேன்.

அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நான் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். ஷாஹிதா மேடம் என் இடத்துக்கு வந்து துக்கம் கேட்டார். நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார்.

"மெஷின் எத்தன நாளா ஓடிட்டு இருந்துச்சுங்க?"

மாட்டிய தேதி எனக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணினேன். ஐம்பத்து மூன்று.

"நடுவுல நின்னுச்சா?"

"நிக்காது மேடம். இன்வெர்ட்டர்..."

சொல்லிக்கொண்டே வந்து அந்த வார்த்தையில் நின்றுவிட்டேன். மேடம் எழுந்து போய்த் தன் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். ஏழாவது வரிமேல் என் சிவப்புக் கோடு.

"இதுதான் காரணம்னு நான் சொல்லல," என்றார், எப்போதையும்விட மெதுவாக. "எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பாக்கலாம்."

பார்ப்பது சுலபமாக இல்லை. ஐம்பது நாள் மெஷினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. டெஸ்டுக்குப் பொய்க் கடிகாரம் ஒன்று வேண்டும், நாம் வைத்த நேரத்தைக் காட்டுகிற மாதிரி. ஆனால் என் புரோகிராம் சிப்பின் கடிகாரத்தைக் கண்ட கண்ட இடத்தில் நேராகவே எட்டிப் பார்க்கும்படி எழுதப்பட்டிருந்தது. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன், அது வேகம் என்று எல்லாரிடமும் பீற்றியிருந்தேன். இப்போது நேரம் கேட்கிற வேலையெல்லாம் ஒரே வாசல் வழியாகப் போக வேண்டும். அந்த வாசலில் நிஜக் கடிகாரத்தையும் வைக்கலாம், பொய்க் கடிகாரத்தையும் வைக்கலாம். அதை ஒவ்வொரு இடமாகத் தேடி மாற்ற எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மேடம் பக்கத்து மேஜையில் ஃபிரேம்வொர்க்கைக் கட்டினார். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தைகூட நாங்கள் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முதல் டெஸ்ட் தயார். கடிகாரத்தை, அது நிரம்புவதற்குப் பத்து நொடி முன்னால் வைத்தோம். அது எண்ணக்கூடிய கடைசி எண் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. எனக்கு என் வீட்டு போன் நம்பர் மறந்தாலும் இது மறக்காது. அங்கிருந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆக்சிஜனைக் கண்காணிக்கிற வேலை எழுந்ததா என்று கேட்பதுதான் டெஸ்ட்.

"நீங்களே ஓட்டுங்க அண்ணா," என்றார் மேடம்.

பொத்தானை அழுத்தினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. திரையில் சிவப்பாக இரண்டு வரி. எதிர்பார்த்தது, எழுந்தது. கிடைத்தது, எழவில்லை.

மறுபடி ஓட்டினேன். மறுபடி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எண்ணுவதில் கெட்டிக்காரன் நான், அன்று எண்ணவில்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு வேலையும் தூங்கப் போகும்போது, கடிகாரம் இந்த எண்ணைத் தொடும்போது எழுப்பு என்று எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். கடிகாரம் நிரம்பப்போகும் கடைசிச் சில நொடியில் வால்வு வேலை கணக்குத் தப்பித் திரும்பத் திரும்ப எழுந்து ஆட, கண்காணிப்பு வேலைக்கு முறை வரவில்லை. அதற்குள் கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டது. கண்காணிப்பு எழுதி வைத்திருந்த எண்ணோ கோடிக்கணக்கில். இன்னும் நாற்பத்தொன்பது நாள் கழித்துத்தான் அந்த எண் திரும்ப வரும். அதுவரை அது தூங்கும். விளக்கைச் சிவப்பாக்குவதும் அதன் வேலைதான், அலாரம் அடிப்பதும் அதன் வேலைதான். வால்வு மட்டும் டப், ஷ் என்று ஓடிக்கொண்டிருக்கும். உள்ளங்கை வைத்துப் பார்க்கிறவனுக்கு மெஷின் நன்றாகத்தான் இருக்கும்.

ஏழுமலையின் மெஷினுக்கு அந்தக் கடைசி நான்கு நாளும் காவல் இல்லை. நான் ஆஃப் செய்து ஆன் செய்தபோது காவலாளி எழுந்து உட்கார்ந்துகொண்டான். கையோடு தடயமும் போயிற்று.

மேடம் எழுந்து நின்றார். உங்களுக்கு அன்றைக்கே சொன்னேனே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"வெளிய எத்தன மெஷின் இருக்குதுங்க?" என்றுதான் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போன் போட்டோம். வாரத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்திப் போடுங்கள், புதுப் புரோகிராமோடு நாங்களே வருகிறோம் என்று. ஒவ்வொருவரிடமும் மேடம் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டார். உங்க வீட்ல கரண்ட் போவுதா? எல்லாரும் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். போகாமல் என்ன, நாளுக்கு நாலு தடவை போகுது என்றார்கள். அந்த நாசமாய்ப் போன கரண்ட்தான் அவர்களை எல்லாம் காப்பாற்றியிருந்தது. மலையடிவாரம் முழுக்க மெஷின் நிற்காமல் ஓடிய வீடு ஒன்றே ஒன்று. அதை நிற்காமல் ஓட வைத்தவன் நான்.

திருத்தியது ஒரே வரி. இரண்டு எண்ணில் எது பெரிது என்று பார்க்காமல், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். எழுதி, டெஸ்டை ஓட்டினேன். பச்சை. அதற்கு முதல் டெஸ்ட் என்று பேர் வைக்கலாம் என்றார் மேடம். ஏழு என்றே இருக்கட்டும் என்றேன். மற்ற ஒன்பதும் அதற்குப் பின்னால்தான் வந்தன.

அதற்கப்புறம் நான் பத்து வருடம் அந்த ஷெட்டில் வேலை செய்தேன். நானூறு டெஸ்டுக்கு மேல் எழுதியிருக்கிறேன். பட்டம் படித்தவர்கள் எழுதியதைவிட என்னுடையவை அதிகம் பிழை பிடித்தன. அதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் டெஸ்ட் தோற்ற அந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் நான் தங்கச்சி வீட்டுக்குப் போனதற்கும் நடுவில் ஒன்பது மாதத்துக்கு மேல் போயிற்று. மேடம் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படி மேடம் சொல்றது?"

"எனக்குத் தெரியாது," என்றார். பென்சிலை மேஜைமேல் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் வருட தெவசத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கோமதி புளி உடைத்துக்கொண்டிருந்தாள். ராஜம்மா எதிரில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அதே வீட்டில்தான் இருந்தாள், அந்த ஒரு வருடமும் கோமதியோடு அளந்துதான் பேசினாள். மெஷின் மூலையில், கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

இருவர் முன்னாலும் சொன்னேன். கடிகாரம், பூஜ்ஜியம் எல்லாம் சொல்லிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அது கத்தல கோமதி. கத்தியிருக்க முடியாது. தப்பு என்னுது. அப்டி ஆவும்னு ஒருத்தங்க முன்னாடியே சொன்னாங்க, நான் வேணாம்னு அடிச்சிட்டேன். அன்னிக்கு எல்லார் எதிர்லயும் மெஷின் நல்லாருக்குதுன்னு சொன்னேன் பாரு, அதுவும் தப்பு."

கோமதி புளியை உடைப்பதை நிறுத்தவில்லை. ராஜம்மாதான் பேசினாள்.

"தங்கச்சிய காப்பாத்தணும்னு அண்ணன் இப்ப ஒரு கதை சொன்னா, நாங்க இன்னாத்த கண்டோம்? கத்தி, அவளுக்குக் கேக்காமயும் இருந்திருக்கலாம் இல்ல."

 திரையில் வந்த சிவப்பு வரியை அவளுக்கு எப்படிக் காட்டுவேன்?

கோமதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோணிப்பையை எடுத்துப் போட்டாள். "அண்ணா, இது ஓடுமா?"

"ஓடும்."

"போடு." பிறகு மூலையிலிருந்த முறத்தை எடுத்து ராஜம்மா கையில் கொடுத்தாள். "அண்ணி, நீங்க களத்துக்குப் போங்க. நான் அன்னிக்கு நின்ன எடத்துல, அந்தப் பாறைக்கு அந்தாண்ட நின்னு தூத்துங்க. சும்மா நிக்காதீங்க, தூத்துங்க. கேட்டா வாங்க. கேக்கலன்னா வராதீங்க."

ராஜம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முறத்தில் ஒரு படி சாமையை அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். காற்று ஏழுமலை செத்த நாளைப் போலவே அந்தப் பக்கம் அடித்ததா, இந்தப் பக்கம் அடித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவும் இல்லை. மெஷினைப் போட்டேன். டப், ஷ். குழாய் வாயைக் கட்டை விரலால் அடைத்தேன். பதினொன்றில் அடித்தது.

கோமதி கதவருகே நின்றாள். வெளியே பார்க்கவில்லை, கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. வழியில் செருப்புச் சத்தம் கேட்டது, வேகமாக. ராஜம்மா ஓடித்தான் வந்தாள். முறம் இன்னும் கையில் இருந்தது, சாமை வழியெல்லாம் சிந்தியிருந்தது. வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"கேட்டுச்சா அண்ணி?"

"கேட்டுச்சு," என்றாள் ராஜம்மா.

கோமதி அவள் கையிலிருந்து முறத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"வெரல எடுண்ணா," என்றாள்.